வடிகட்டினா போகாது!

முதல்ல ஒரு குட்டி க்விஸ். உங்க காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்திருக்கீங்க. டேபிள் மேல ஒரு கிளாஸ் டீ, ஒரு கோலிசோடா, ஒரு பொட்டலம் மிக்சர், ஒரு ஜக் தண்ணி. இதுல எது கலவை, எது கரைசல்?

"இதெல்லாம் ஆறாங்கிளாஸ் மேட்டர் பாஸ், எங்ககிட்டயேவா?"ன்னு காலரைத் தூக்கி விடாதீங்க. மிக்சர் ஈஸி. பேரே அதானே! ஓமப்பொடி தனி, கடலை தனி, கறிவேப்பிலை தனின்னு பொறுக்கித் தின்னலாம். (கடலையை மட்டும் காலி பண்ற ஒருத்தன் எல்லா கேங்லயும் இருக்கான்.) சோடா? தண்ணியில கரைஞ்ச கார்பன் டை ஆக்ஸைடு. மூடியிருக்கிற வரைக்கும் கரைசல், கோலியைத் தட்டினா புஸ்ஸ்! டீயில கொஞ்சம் தகராறு இருக்கு, அதை அப்புறம் பார்ப்போம். ஜக்ல இருக்கிறது? "அது வெறும் தண்ணி"ன்னுதானே சொன்னீங்க? அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் பத்திரமா வெச்சிருங்க.

க்விஸ்லயே ஒரு குறும்பும் இருக்கு. கரைசல்ங்கிறதும் ஒரு வகைக் கலவைதான். புத்தகத்து பாஷையில, எங்கே எடுத்துப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தா 'ஒருபடித்தான கலவை', அதாவது கரைசல். இடத்துக்கு இடம் வேற வேறயா இருந்தா 'பலபடித்தான கலவை', அதாவது நம்ம மிக்சர். அவ்வளவுதான் மொத்தப் பாடமும். இந்த ரெண்டு வரிக்கு எதுக்கு ஒரு கட்டுரைன்னு கேட்டீங்கன்னா, என்னோட ஆயக்குடிக்கு வாங்க.

திண்டுக்கல்ல இருந்து பழனி போற பஸ்ஸுல, பழனி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜன்னல் வழியா கொய்யா வாசனை வந்தா அதான் ஆயக்குடி. கொய்யாவுக்கு அடுத்தபடியா இந்த ஊருக்கு இன்னொரு பேரும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வு எழுதுறவங்ககிட்ட மரத்தடி இலவசப் பயிற்சின்னு சொல்லிப் பாருங்க, 'ஆயக்குடியா?'ன்னு கேட்பாங்க. பரீட்சை அட்டையும் சாப்பாட்டுத் தூக்கும் எடுத்துக்கிட்டு வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து மண் தரையில உட்கார்ந்து படிச்ச ஊரு.

அங்கேதான் என் பெரியம்மா வீடு. செமஸ்டர் லீவுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள், எனக்கு அக்கா, வயசு 31. மச்சான் திருப்பூர்ல வேலை பார்க்கிறார், ஞாயித்துக்கிழமை மட்டும் தரிசனம். அக்கா குரூப் ஃபோருக்குப் படிக்கிறாங்க. போன தடவை மூணே மூணு கேள்வியில கை நழுவிப் போச்சு. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக நாலரை மார்க்கு. அந்த நாலரை மார்க்கைப் பத்தி அந்த வீட்ல யாரும் சத்தமா பேச மாட்டாங்க. அக்கா பொண்ணு ஆறாங்கிளாஸ். என்னை 'மாமா'ன்னு கூப்பிடுற ஒரே விஐபி.

இதுல விசேஷம் என்னன்னா, அம்மாவும் பொண்ணும் படிக்கிறது ஒரே புஸ்தகம். குரூப் தேர்வுக்குப் படிக்கிறவங்க ஆறாங்கிளாஸ்ல ஆரம்பிச்சு பத்தாங்கிளாஸ் வரைக்கும் ஸ்கூல் புக்கைக் கரைச்சுக் குடிக்கணும். (பாருங்க, அங்கேயும் கரைசல்தான்.) காலையில புக்கு ஸ்கூல் பையில போயிடும். சாயங்காலம் அம்மா கைக்கு வரும். பி.டி.எஃப். போன்ல இருக்கு, ஆனா அதுல பென்சில்ல அடிக்கோடு போட முடியாதே! ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து, "கரைபொருள்... கரைப்பான்... கரைசல்..."னு ஆளுக்கொரு ராகத்துல ஒப்பிப்பாங்க.

இந்த இடத்துல தமிழ் மீடியம் மக்களுக்காக ஒரு பத்தி. ஃபர்ஸ்ட் இயர்ல சால்யூட், சால்வென்ட்னு சொன்னப்போ எது எதுன்னு குழம்பின எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். இங்கிலீஷ் மீடியத்துல வந்தவங்களும் அதுல உண்டு. தமிழ்ல அந்தக் குழப்பமே வராது. கரையிற பொருள் கரைபொருள், கரைக்கிறவன் கரைப்பான். பேரைச் சொன்னாலே வேலையும் தெரிஞ்சிடுது. இவ்வளவு தெளிவான வார்த்தைகளைக் கையில வெச்சுக்கிட்டு, தமிழ்ல படிச்சதை என்னமோ குறை மாதிரி நாம மறைச்சுக்கிட்டுத் திரியறது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

சரி, திண்ணைக்கு வருவோம். மருமகள் ஒப்பிக்கிறதை ரெண்டு நாள் கேட்டேன். மூணாவது நாள் ஒரு கண்ணாடி டம்ளர், கல்லுப்பு, பெரியப்பாவோட பழைய வேட்டித் துணி, இதெல்லாம் எடுத்துக்கிட்டு உட்கார்ந்துட்டேன். மண்ணைப் போட்டுக் கலக்கி வேட்டியில ஊத்தினா, மண்ணு மேல நின்னுக்குது, தண்ணி கீழே வருது. உப்பைக் கலக்கி ஊத்தினா?

"உப்பு எங்க மாமா போச்சு?"

"நீயே நாக்குல வெச்சுப் பாரு."

துணியில ஒரு பொட்டு உப்புகூட இல்ல, தண்ணி மட்டும் கரிக்குது. கரைசல்னா இதுதான். கரைஞ்ச உப்பு சோடியமாவும் குளோரைடாவும் பிரிஞ்சு தண்ணி மூலக்கூறுகளுக்கு நடுவுல புகுந்துடுது. வேட்டி நூலோட இடைவெளி அந்தத் துகளுக்கு வீட்டு வாசல் மாதிரி, ஃபில்டர் பேப்பரும் அப்படித்தான். வடிகட்டினா போகாது.

அடுத்து, எவ்வளவு கரையும்? 100 மில்லி தண்ணியில உப்பு 36 கிராம் வரைக்கும்தான். அதுக்கு மேல போட்டா அடியில உட்கார்ந்துக்கிட்டு 'நான் வரல'ன்னு அடம் பிடிக்கும். சர்க்கரை அதே 100 மில்லியில 200 கிராம் கரையும். அதாவது தண்ணியோட எடையைப் போல ரெண்டு மடங்கு! "அதனாலதான் பாகு காய்ச்ச முடியுது"ன்னு உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்துச்சு. அவங்க ஸ்கூல் பக்கம் அதிகம் போனதில்ல.

உப்பும் சர்க்கரையும் வெச்சு விளையாடும்போது ஒருத்தரைச் சொல்லாம தாண்ட முடியாது. 1971-ல வங்காளதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்துல போன்காவ் முகாம்ல காலரா வந்து கும்பல் கும்பலா செத்துக்கிட்டிருந்தாங்க. நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்து போச்சு. டாக்டர் திலீப் மஹலாநபிஸ், தண்ணியில உப்பும் குளுக்கோஸும் சரியான அளவுல கரைச்சு டிரம்ல வெச்சு, நோயாளியோட சொந்தக்காரங்களையே டம்ளர்ல மோந்து குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூத்துக்கு முப்பதா இருந்த சாவு, அந்த முகாம்ல நாலுக்கும் கீழே இறங்கிச்சு. குடல்ல குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போகுது, பின்னாலயே தண்ணியும் போகுது. அதான் சூட்சுமம். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி அளக்கணும். அளவு மாறினா மருந்தே வயித்துப்போக்கைக் கூட்டிடும். அவர் 2022-ல இறந்தார், 2023-ல பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. ஆறாங்கிளாஸ் கரைசல் பாடத்துல இந்த ஒரு கதை போதும்னு நான் நினைக்கிறேன்.

மறுநாள் பழனியில இருந்து பஞ்சாமிர்தம் வந்துச்சு. உடனே மருமகள், "மாமா, இது கலவையா கரைசலா?"ன்னு கேட்டா. பட்டிமன்றம் ஆரம்பம். பேரீச்சம்பழம் தனியா தெரியுது, கற்கண்டு பல்லுல சிக்குது, அதனால கலவை, இது அக்கா கட்சி. எல்லாம் குழகுழன்னு ஒண்ணாயிருக்கு, அதனால கரைசல், இது பெரியம்மா கட்சி. நாட்டாமை தீர்ப்பு என்னோடது: மொத்தத்துல பார்த்தா பலபடித்தான கலவை, ஆனா அதுக்குள்ளே ஒரு கரைசலும் ஒளிஞ்சிருக்கு. பஞ்சாமிர்தத்துக்குத் தண்ணி சேர்க்கிறதே கிடையாது. மலைவாழைப் பழத்துல இருக்கிற ஈரத்துலயே சர்க்கரை கரைஞ்சு கெட்டிப் பாகா ஆகிடுது. அவ்வளவு கெட்டியான கரைசல்ல ஒரு கிருமி விழுந்தா, அந்தக் கிருமியோட உடம்புத் தண்ணியையே பாகு உறிஞ்சிடும். நாள் கணக்குல கெடாம இருக்கிற ரகசியம் இதுதான். 2019-ல புவிசார் குறியீடு வாங்கினப்போ, தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்கள்ல இதுக்குத்தான் முதல்ல கிடைச்சுது. தீர்ப்பு சொல்லி முடிக்கிறதுக்குள்ளே டப்பா காலி. அது வேற விஷயம்.

ஆனா எனக்கே புதுசா ஒண்ணு கிடைச்சது பெரியப்பாவோட கொய்யாத் தோப்புல. பூஞ்சை நோய்க்கு மருந்தடிக்கணும்னு என்னையும் பேத்தியையும் கூட்டிக்கிட்டுப் போனார். ஒரு பிளாஸ்டிக் டிரம்ல அம்பது லிட்டர் தண்ணி, அதுல ஒரு கிலோ மயில்துத்தம், அதாங்க நம்ம காப்பர் சல்ஃபேட். மயில் கழுத்து நீலத்துல கண்ணாடி மாதிரி தெளிவா நிக்குது. இன்னொரு டிரம்ல அம்பது லிட்டர் தண்ணியில ஒரு கிலோ சுண்ணாம்பு, பால் மாதிரி. நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்புல ஊத்திக்கிட்டே குச்சியால கலக்கினார். சட்டுனு நிறம் மாறி, வானத்து நீலத்துல மங்கலா ஒரு குழம்பு.

"இதுக்குப் பேரு என்ன தாத்தா?"

"போர்டோ கலவை கண்ணு."

கலவை! கவனிச்சீங்களா? போர்டோ கரைசல்னு அவர் சொல்லல. நான் ஒரு டம்ளர் நீலத் தண்ணியை வேட்டித் துணியில ஊத்தினேன். நீலம் அப்படியே கீழே இறங்கிச்சு. அது கரைசல். அப்புறம் கலந்து முடிச்சதை ஊத்தினேன். துணி மேல வானநீலச் சேறு, கீழே நிறமே இல்லாத தண்ணி. கரைஞ்சிருந்த செம்பு, சுண்ணாம்போட சேர்ந்து கரையாத துகளா வெளியே வந்துடுச்சு. அந்தத் துகள்தான் இலை மேல பூச்சா ஒட்டிக்கிட்டு பூஞ்சையைத் தடுக்கும். நின்னா அடியில படிஞ்சிடும், அதனால அடிச்சு முடிக்கிற வரைக்கும் கலக்கிக்கிட்டே இருக்கணும், அன்னிக்குக் கலந்ததை அன்னிக்கே தீர்த்துடணும். புத்தகத்துல இதுக்குப் பேரு 'தொங்கல்'.

பெரியப்பா அதோட விடல. இடுப்புல இருந்த கத்தியைத் துடைச்சு, கலவைக்குள்ளே கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பார்த்தார். "செம்பு படிஞ்சிருந்தா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். அப்படியே அடிச்சா எலை கருகிடும்." கத்தி பளிச்னு இருந்துச்சு. ஃப்ரெண்ட்ஸ், இது எலக்ட்ரோகெமிஸ்ட்ரி! இரும்பு, கரைசல்ல மிச்சமிருக்கிற செம்பை வெளியே தள்ளிடும்னு நாம யூனிட் டெஸ்டுக்குப் படிச்சது. எல்லாத்தையும் வடிகட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கரைஞ்சு மிச்சம் நிக்குதான்னு பார்க்க வேற வழி வேணும்னு அந்தக் கத்திக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்தக் கலவை பிரான்ஸ்ல போர்டோங்கிற ஊர்ப் பக்கம் பிறந்தது. ரோட்டோரத் திராட்சையைப் போறவங்க வர்றவங்க பறிச்சுத் தின்னுடுறாங்கன்னு, பார்க்கவே பயமா இருக்கிற மாதிரி துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடி மேல அடிச்சு வெச்சாங்களாம். அந்த ரோட்டோரக் கொடிக்கு மட்டும் நோய் வரலைங்கிறதை மிலார்டேங்கிற தாவரவியல் புரொபசர் கவனிச்சு, 1885-ல உலகத்துக்குச் சொன்னார். பழத் திருடனுக்கு வெச்ச மருந்து, பூஞ்சைக்கு வேலை செஞ்சிருக்கு. ஆயக்குடிக்காரங்க கொய்யாவுக்கும் திருடன் உண்டு. நான் யாருன்னு சொல்ல மாட்டேன்.

டீ தகராறு பாக்கி இருக்குல்ல? ராத்திரி கரண்ட் போச்சு. ரெண்டு கண்ணாடி டம்ளர் தண்ணி, ஒண்ணுல உப்பு, இன்னொண்ணுல ரெண்டே சொட்டு பால். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சோம். உப்புத் தண்ணிக்குள்ளே வெளிச்சம் போற பாதையே தெரியல. பால் தண்ணியில மட்டும் தியேட்டர் புரொஜக்டர் மாதிரி ஒரு ஒளிக்கோடு. பால்ல இருக்கிற கொழுப்பும் புரதமும் கரையல, மிதக்குது. வடிகட்டினாலும் நிக்காது, நின்னாலும் படியாது, ஆனா வெளிச்சத்தைச் சிதற அடிக்கிற அளவுக்குப் பெரிசு. பேரு கூழ்மம், வெளிச்சத்தோட வேலைக்குப் பேரு டிண்டால் விளைவு. ஸோ, பிளாக் டீயைக் கிட்டத்தட்ட கரைசல்ல சேர்க்கலாம், பால் ஊத்தின டீயைச் சேர்க்க முடியாது. மருமகள் அன்னிக்கு ராத்திரி வீட்ல இருந்த மோர், ரசம், தேங்காய் எண்ணெய் எல்லாத்துக்கும் டார்ச் அடிச்சுட்டுத்தான் தூங்கினா.

அக்கா மட்டும் சிரிக்கல. "தம்பி, உனக்கு இது விளையாட்டு. எனக்கு இருநூறு கேள்வி, மூணு மணி நேரம். கணக்குப் போட்டா ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல. பால் எந்த வகைன்னு கேட்டா ஆப்ஷன்ல டிக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போகணும். டார்ச் அடிச்சுப் பார்த்தியான்னு யாரும் கேட்கப் போறதில்ல."

நியாயம்தான். மனப்பாடம் பண்றவங்களைக் கிண்டல் பண்ற கட்டுரை இது இல்ல. அந்த நாலரை மார்க்குல ஒரு குடும்பத்தோட சம்பளம் இருக்கு. நான் பேசாம இருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு காலையில அக்கா அடுப்படியில இருந்து குரல் கொடுத்தாங்க. கையில முறம். "டேய், பிரித்தெடுக்கும் முறைகள்னு ஒரு பாடம் இருக்குல்ல... கையால் பொறுக்குதல், தூற்றுதல், சலித்தல், தெளிய வைத்து இறுத்தல், வடிகட்டுதல். இதுல பாதிக்கு மேல நான் காலையில எட்டு மணிக்குள்ள முடிச்சிடுறேன்டா! அரிசியில கல்லு பொறுக்கி, புடைச்சு, களைஞ்சு, காபி வடிகட்டி... இதையா நான் நம்பர் போட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன்?" அப்புறம் அவங்களே தண்ணி காய்ச்சுற பாத்திரத்தைக் கவுத்துக் காட்டினாங்க. உள்ளே வெள்ளையா கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. "தண்ணி தெளிவாத்தானே ஊத்துறேன். இது எங்கேயிருந்து வருது? புளி போட்டுத் தேய்ச்சாத்தான் போகுது."

இப்போ அந்த ஜக் தண்ணி பதிலை வெளியே எடுங்க.

பெரியம்மா வீட்டு போர் தண்ணி கண்ணுக்குப் பளிங்கு. ஆனா சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. மொட்டை மாடியில மூணு எவர்சில்வர் தட்டு வெச்சோம். ஒண்ணுல மழைத் தண்ணி, ஒண்ணுல போர் தண்ணி, ஒண்ணுல கேன் தண்ணி, எல்லாம் ஒரே அளவு. காக்கா வராம இருக்க மேலே கொசுவலை. ரெண்டு நாள் வெயில். மழைத் தட்டுல லேசா தூசி. கேன் தட்டுல ஒரு மங்கல் வட்டம். போர் தட்டுல விபூதி பூசின மாதிரி வெள்ளை வெள்ளையா வளையம்! மருமகள் விரலால தொட்டு நாக்குல வெச்சுட்டு முகத்தைச் சுளிச்சா. உவர்ப்பு, கூடவே கசப்பு.

அந்த வெள்ளை முழுக்க, 'வெறும் தண்ணி'க்குள்ளே கரைஞ்சிருந்தது. கால்சியம், மெக்னீசியம், சோடியத்தோட உப்புகள். நிலத்துக்கடியில பாறையில ஊறி ஊறித் தண்ணி தன்னோட எடுத்துக்கிட்டு வந்தது. இதுல பைகார்பனேட்டா இருக்கிறது, சூடு பண்ணினா கார்பனேட்டா மாறிப் பாத்திரத்துல படியும். கார்பனேட்டுக்கு அமிலத்தைக் கண்டா ஆகாது, அதான் புளிக்கு வழிவிடுது. நாம ஃபர்ஸ்ட் இயர் லேப்ல ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் பண்ணி, ஒயின் ரெட் ஸ்டீல் ப்ளூவா மாறுதான்னு கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பார்த்தோமே, அது இந்தப் பாத்திரத்து வெள்ளையை அளக்கத்தான். ரெக்கார்ட் நோட்டுல சைன் வாங்கினதோட நாம அதை மறந்துட்டோம்.

குடிதண்ணியில கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. வேற தண்ணியே கிடைக்காத ஊர்ல 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம். ஃப்ளூரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், ரொம்பப் போனா 1.5. நிறம் கிடையாது, வாசம் கிடையாது, அந்த அளவுல ருசியும் தெரியாது. வருஷக்கணக்கா குடிச்ச பிறகு குழந்தைங்க பல்லுல மஞ்சளாவும், பெரியவங்க எலும்புல வலியாவும் வெளியே வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் தண்ணியை 2013-ல கொண்டு போனது இதுக்காகத்தான். இங்கே ஒரு விஷயம் நல்லா கவனிங்க: தண்ணியைக் கொதிக்க வெச்சா கிருமி சாகும், கரைஞ்ச ஃப்ளூரைடு போகாது. தண்ணி ஆவியாகி அளவு குறையக் குறைய, அது இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும். கலங்கின தண்ணியில படிகாரம் போடுறதும், தேத்தாங்கொட்டையை இழைக்கிறதும் மண்ணைப் படிய வைக்கத்தான். கரைஞ்ச உப்பு அதுக்கெல்லாம் அசையாது.

பாறையில இருந்து வந்தா இயற்கைன்னு விட்டுடலாம். நம்ம மாவட்டத்துக்கு வேற கதையும் இருக்கு. திண்டுக்கல் தோல் பதனிடுற ஊரு. பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பைக் கொட்டி வைப்பாங்க. பதனிடும்போது அந்த உப்பைக் கழுவிவிட்ட தண்ணி, குரோமியம் கலந்த தண்ணி எல்லாம் பல வருஷமா நிலத்துல இறங்கிச்சு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. 'மாசுபடுத்துறவரே ஈடு கொடுக்கணும்'கிற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னு ஏத்துக்கிட்ட தீர்ப்பு அது. அதுல நம்ம ஊர்க் கணக்கு ஒண்ணும் இருக்கு. திண்டுக்கல் வட்டாரத்துல 13 கிராமத்துல ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த சர்வே: குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுல 350 கெட்டுப் போயிருந்துச்சு.

நூத்துக்கு எழுபத்தஞ்சு! சேறா, குப்பையா கலந்திருந்தா தூர் வாரிக் கிணத்தைச் சரி பண்ணியிருக்கலாம். இது கரைஞ்சு போனது. எட்டிப் பார்த்தா வானம் தெரிஞ்சிருக்கும்.

இதை நான் திண்ணையில சொன்னப்போ அக்கா பென்சிலை வெச்சுட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ரொம்ப மெதுவா, "அப்போ ஆர்.ஓ. மெஷின் எப்படி எடுக்குது?"ன்னு கேட்டாங்க. அழுத்தம் கொடுத்து, தண்ணி மூலக்கூறு மட்டும் நுழையிற சவ்வு வழியா தள்ளுது. உப்பு இந்தப் பக்கமே நின்னுக்கும். ஆனா நின்ன உப்பு மாயமாகிடாது. வீட்டு மெஷின்ல நமக்குக் கிடைக்கிற சுத்தமான தண்ணியைவிட, உப்பைச் சுமந்துக்கிட்டு டியூப் வழியா வெளியே போற தண்ணி பெரும்பாலும் அதிகம். அது சாக்கடைக்குப் போகுது, இல்லேன்னா வாசல் மண்ணுல இறங்குது. "இறங்கி?" "மறுபடி போருக்கு." அக்கா அதை நோட்டு ஓரத்துல எழுதிக்கிட்டாங்க. சிலபஸ்ல இல்லாததுக்கு அந்த நோட்டுல இடம் கிடைச்சது அதுதான் முதல் தடவை.

லீவு முடிஞ்சு ஹாஸ்டல் வந்ததும் நான் செஞ்ச முதல் வேலை, மெஸ்ல நாலு தட்டைச் சுட்டுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனதுதான். மெஸ் குழாய், பாத்ரூம் குழாய், டிபார்ட்மென்ட் வாட்டர் டாக்டர், கேன். நீங்களும் பண்ணிப் பாருங்க. செலவு சைபர். மழை வராத ரெண்டு நாள், ஒரே அளவு டம்ளர், மேலே ஒரு வலை. தட்டுல பூக்கிற வெள்ளை எவ்வளவுன்னு ஒரு மதிப்பு கிடைக்கும், எது எவ்வளவுன்னு கிடைக்காது. ஃப்ளூரைடெல்லாம் அதுல கண்ணுக்குத் தெரியாது, அதுக்கு லேப்தான். ஆனா லேப் நம்ம பில்டிங்லதானே இருக்கு? ப்யூரெட்டும் நம்மகிட்டதானே இருக்கு? எங்க ரூம்மேட்ஸ் எந்தத் தட்டு ஜெயிக்கும்னு பரோட்டா பந்தயம் கட்டினாங்க. பாத்ரூம் குழாய்தான் மோசம்னு கட்டினவன் தோத்துட்டான். மெஸ் குழாயும் அதுவும் ஒரே போர்!

போன வாரம் அக்கா போன்ல இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. மொட்டை மாடியில வரிசையா தட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழே சாக்பீஸ்ல வீட்டு நம்பர். மருமகள் தெருவுல வீடு வீடா போய் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கிட்டு வந்திருக்கா. பதினோரு வீடு ஆச்சாம். போட்டோ ஓரத்துல அக்காவோட நோட்டு, அதுல கட்டம் போட்டு நம்பர் வாரியா எழுதியிருக்கிறது அக்கா கையெழுத்து. பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ், மருமகள் குரல்: "மாமா, தோப்புக் கிணறு, பள்ளிக்கூடத்துக் குழாய் ரெண்டும் பாக்கி. பெரிய தட்டெல்லாம் ஆச்சி தர மாட்டேங்கிறாங்க. வரும்போது நாலு தட்டு வாங்கிட்டு வா."